ஒரு தாய், நான்கு சம்பளம்

நம் ஊர்ப்பக்கம் புதிதாக ஒருவரைச் சந்தித்தால், பெயரையும் ஊரையும் விசாரித்த பின் மூன்றாவதாகக் கேட்கப்படுவது சம்பளத்தைத்தான். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பார்கள். இரயிலில் எதிரே அமர்ந்து முறுக்கு நீட்டும் பெரியவர் கேட்பார். கோயில் திருவிழாவுக்கு வரி பிரிக்க வருபவர்கள் கேட்காமலே தெரிந்து வைத்திருப்பார்கள். இதை நாகரிகக் குறைவு என்று கருதுவோர் உண்டு. எங்களுக்கு இக்கேள்வியின் மீது கோபமில்லை. ஆயினும் இதற்கு விடையாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் போதும் என்று கேட்பவரும் சொல்பவரும் நம்பிவிடுகிறார்களே, அந்த நம்பிக்கையால் குடும்பங்களில் விளையும் சங்கடங்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

சம்பளம் என்ற சொல்லே சம்பா நெல்லையும் அளத்து உப்பையும் கூலியாகத் தந்த காலத்தை நினைவூட்டுவது என்று தமிழறிஞர் சிலர் கூறுவதுண்டு. இலத்தீன் மொழியிலும் சம்பளத்தைக் குறிக்கும் சொல் உப்பு என்னும் சொல்லோடு தொடர்புடையது. உப்பளங்களின் நடுவே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் சற்றுப் பெருமையாகவே இருக்கும். அந்நாளில் இருவர் கூலியை ஒப்பிடுவது எளிதாக இருந்திருக்கும். மரக்காலை அருகருகே வைத்தால் தெரிந்துவிடும். இன்றோ நிலைமை அவ்வளவு எளிதன்று.

நாங்கள் தூத்துக்குடியைச் சேர்ந்த உடன்பிறந்தோர் நால்வர். இக்கட்டுரையை நால்வரும் கூடிப் பேசியே எழுதுகிறோம். ஆதலால் இதில் "நான்" என்று சொல்பவர் எவரும் இல்லை. எங்களுள் மூத்தவர் விசைப்படகில் தொழிலாளி. அடுத்தவர் அரசுத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியை. மூன்றாமவர் சென்னையில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரிபவர். கடைசியாகப் பிறந்தவர் உள்ளூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தாயார் மூத்தவருடைய வீட்டில் இருக்கிறார்.

2024 ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில், தண்ணீர் பிடிக்கச் சென்ற அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வயது எழுபத்து நான்கு. அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் கூறிய அன்று நாங்கள் நால்வரும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு அவரவர் காப்பீட்டு அட்டைகளை எடுத்துப் பார்த்தோம். அப்போது தெரிந்த செய்தி எங்களுக்கே வியப்பாக இருந்தது. ஆசிரியையின் அரசு ஊழியர் காப்பீட்டில் கணவரும் பிள்ளைகளும் மட்டுமே இருந்தனர். சென்னை நிறுவனத்தின் காப்பீட்டிலும் மனைவிக்கும் குழந்தைக்கும் மட்டுமே இடம். செவிலியருக்குப் பிடித்தம் செய்யப்படும் ஈ.எஸ்.ஐ. திட்டத்திலோ, சார்ந்து வாழும் பெற்றோருக்கும் மருத்துவ வசதி உண்டு. மூத்தவரிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு உரிய அந்த அட்டையில், ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியுண்டு. அவர் குடும்ப அட்டையில் அம்மாவின் பெயரும் இருந்தது. ஆக, எங்களுள் அதிகம் வாங்கும் இருவரின் காப்பீட்டிலும் அம்மாவுக்கு இடமில்லை. குறைவாக வாங்கும் இருவரின் ஏற்பாட்டிலும் இடமிருந்தது. அறுவைச் சிகிச்சை மூத்தவரின் அட்டையைக் கொண்டே நடந்தேறியது.

உண்மையான பாரம் அதற்குப் பிறகுதான் வந்தது. வீடு திரும்பிய அம்மாவுக்கு மருந்து மாதம் 3,200 ரூபாய். நடக்கப் பழக்குவிக்கும் பயிற்சியாளர் மாதம் பன்னிரண்டு முறை, முறைக்கு 400 வீதம் 4,800. அணையாடைக்கும் சத்துணவுக்கும் 3,500. மருத்துவமனைக்குப் போய்வர ஆட்டோ 1,500. ஆக 13,000 ரூபாய். இதை யார் யார் எவ்வளவு கொடுப்பது?

நான்காகப் பகிர்ந்து ஆளுக்கு 3,250 என்று முதலில் பேச்சு வந்தது. பிள்ளைகள் என்ற முறையில் நால்வரும் சமம் அல்லவா? கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் அடுத்த நிமிடமே, "சென்னைக்காரருக்கு ஆண்டுக்குப் பத்து இலட்சம் வருகிறது, அவர் பாதியை ஏற்றால் என்ன?" என்று ஒரு குரல்; "அரசாங்கச் சம்பளம் வாங்குபவருக்கு என்ன குறை?" என்று மற்றொரு குரல். எவர் சொன்னது என்பது இப்போது வேண்டாம். ஓரொருவரைப் பற்றியும் மற்ற மூவரும் மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தோம் என்பது அன்று வெளியாயிற்று. அக்கணக்குகள் ஒன்றுகூடச் சரியாக இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் சம்பளச் சீட்டுகளோடு வந்து அமர்வதென்று ஆசிரியை தீர்மானித்தார். அக்காள் சொல்லை எங்கள் வீட்டில் தட்டுவதில்லை.

சென்னைக்காரரின் சீட்டே முதலில் விரிக்கப்பட்டது. ஆண்டுக்கு 10,20,000 ரூபாய், அதாவது மாதம் 85,000. இத்தொகையை நியமனக் கடிதத்தில் பார்த்துவிட்டு ஊரே அவரைச் செல்வந்தராக்கி விட்டிருந்தது. ஆனால் நிறுவனங்கள் ஆண்டுச் சம்பளம் என்று அறிவிக்கும்போது, தாங்கள் அந்த ஊழியரின் பொருட்டுச் செலவிடும் யாவற்றையும் கூட்டியே அறிவிக்கின்றன. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி 4,080 ரூபாய் அந்த 85,000-க்குள் அடக்கம். பணிக்கொடைக்காக ஒதுக்குவதாக எழுதியிருக்கும் 1,635 ரூபாய் அடக்கம். காப்பீட்டுத் தவணை 1,000 அடக்கம். ஆண்டு முடிவில் வேலைத்திறனைப் பொறுத்துத் தருவதாகச் சொல்லும் பங்கு மாதத்துக்கு 8,500. அதுவும் அடக்கம், வந்தால் உண்டு. இவை போக எஞ்சியதில், ஊழியர் பங்கான வைப்பு நிதி மீண்டும் 4,080. வருமான வரி 2,250. கைக்கு வந்தது ஏறத்தாழ 63,000. வீட்டு வாடகை 19,000. அண்ணன் வீட்டில் வாடகை இல்லை, அக்காள் வீட்டில் இல்லை, சென்னையில் உண்டு. எனினும் எங்கள் நால்வரில் மிக அதிகம் பெறுபவர் அவரே என்பதில் ஐயமில்லை. அதை அவரும் மறுக்கவில்லை.

ஆசிரியையின் மொத்தச் சம்பளம் 54,000 ரூபாயை ஒட்டியிருந்தது. அரசு வேலை என்றாலே ஓய்வூதியம் என்று அண்டை அயலார் எண்ணிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்திற்குப் பதிலாகப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள் என்பதும், அதற்காக அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு பிடிக்கப்படுகிறது என்பதும் வெளியே பலருக்குத் தெரிவதில்லை. இவர் 2010-இல் சேர்ந்தவர்.

அந்த ஆண்டில் மற்றொன்றும் இருக்கிறது. 2009 மே 31 வரை பணியேற்ற இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், ஜூன் 1 முதல் பணியேற்றவர்களுக்கு 5,200 ரூபாய் என்றும் அப்போது நிர்ணயிக்கப்பட்டது. ஒரு நாள் இடைவெளியில் 3,170 ரூபாய் வேறுபாடு! அடுத்தடுத்த வகுப்பறைகளில் ஒரே பாடத்தை நடத்தும் இருவரிடையே இவ்வேறுபாடு ஆண்டுக்கு ஆண்டு படிகளோடு சேர்ந்து வளர்ந்தது. இதை நீக்கக் கோரி ஆசிரியர்கள் பன்முறை சென்னையில் உண்ணாநோன்பு இருந்திருக்கிறார்கள். திராட்சைத் தோட்டத்து உவமையில் கடைசி நேரத்தில் வந்தவருக்கும் ஒரு தெனாரியம் கிடைத்தது கண்டு, முதலில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இங்கே பிந்தி வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது என்பது எங்கள் நால்வரின் ஒருமித்த கருத்து.

இவருடைய சீட்டில் ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்துக்கென்று 11,000 ரூபாய் பிடித்தம் இருந்தது. எல்லாம் போகக் கையில் 37,000. "சங்கக் கடனைக் கணக்கில் சேர்க்கலாமா? கடன் வாங்குவது அவரவர் விருப்பமல்லவா?" என்று கேட்கப்பட்டபோது, சற்று நேரம் எவரும் பேசவில்லை. அந்தக் கடன் கடைசித் தங்கையின் திருமணத்துக்காக எடுத்தது. அரசுச் சம்பளக்காரர் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் அவருடைய சம்பளத்தை விட அவருடைய கையெழுத்துக்கே மதிப்பு அதிகம். வங்கிக் கடனுக்கு ஜாமீன், சீட்டு எடுப்பவருக்கு ஜாமீன், உறவினர் மகனின் படிப்புக் கடனுக்கு ஜாமீன்! இந்த ஜாமீன்கள் எந்தச் சம்பளச் சீட்டிலும் அச்சிடப்படுவதில்லை. அவருக்கு இரவில் உறக்கம் வராததற்கு அவையே காரணம் என்று அன்றுதான் சொன்னார்.

செவிலியரின் சீட்டு மிகச் சிறியது. 17,600 ரூபாய், அதில் ஈ.எஸ்.ஐ.க்கு 132, வைப்பு நிதிக்கு 1,800; கையில் 15,668. பன்னிரண்டு ஆண்டு அனுபவம், மாதத்தில் பத்து இரவுப் பணி. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் பற்றி ஆராய உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அமைக்கப்பட்ட குழு, ஐம்பதுக்கும் குறைந்த படுக்கைகள் உள்ள மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று 2016-இலேயே பரிந்துரைத்தது. எட்டு ஆண்டு கழித்தும் அவருடைய சீட்டு அத்தொகையை எட்டவில்லை. இவர் 3,250 கொடுத்தால் அது கைச்சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சென்னைக்காரர் அதே 3,250-ஐக் கொடுத்தால் இருபதில் ஒரு பங்கு. சமபங்கு என்ற பேச்சு அத்துடன் முடிந்தது.

மூத்தவரிடம் சீட்டே இல்லை. அவர் மனைவி, எங்களில் மூவருக்கு மதினி, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்து வைத்தார். கடலுக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு வரி. விசைப்படகுத் தொழிலில் மாதச் சம்பளம் என்பதே கிடையாது. மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு யாவும் கழிந்த பின், உரிமையாளர் பங்கு போக எஞ்சியதைத் தொழிலாளர் பங்கிட்டுக்கொள்வார்கள். வலையில் மீன் இல்லாவிட்டால் பங்கும் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு அரசு தரும் நிவாரணம் உண்டு, அது வீட்டுச் செலவுக்குப் போதாது. இவை தவிரக் காற்றுக் காலம், புயல் எச்சரிக்கை, ஞாயிற்றுக்கிழமை, வேலைநிறுத்தம். ஓராண்டில் கடலுக்குச் சென்ற நாட்கள் 153; வந்த பங்கு மொத்தம் 1,14,700 ரூபாய். சென்ற நாள் ஒன்றுக்கு 750 ரூபாய் என்றால் குறைவில்லை என்று தோன்றும். ஆண்டு முழுவதற்கும் பரப்பிப் பார்த்தால் மாதம் 9,600 கூட இல்லை. படகு உரிமையாளரிடம் முன்பணமாக வாங்கிய 40,000 ரூபாய் வேறு. அதற்கு வட்டி கிடையாது. ஆனால் அதைத் தீர்க்காமல் வேறு படகுக்கு மாற முடியாது.

அந்த நோட்டில் இல்லாத வரி ஒன்றையும் அன்று சேர்த்தோம். அம்மாவைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, இரவில் எழுந்து கவனிப்பது மதினிதான். இதற்கு வெளியிலிருந்து ஒரு பெண்ணை அமர்த்தினால் மாதம் 10,000 ரூபாய்க்குக் குறைந்து எவரும் வர மாட்டார்கள் என்று செவிலியர் சொன்னார். மருத்துவமனையில் இருப்பவராதலால் அவருக்கு விலை தெரியும். அதை எழுதியதும் மதினி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஒருவாறு பங்கு முடிவாயிற்று. சென்னைக்காரர் 7,000; ஆசிரியை 4,500; செவிலியர் 1,500, அத்துடன் ஊசி போடுவதும் புண் கட்டுவதும் அவர் பொறுப்பு. மூத்தவர் பெயருக்கு நேரே ஒரு சுழியம் எழுதப்பட்டது. அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தவர் அப்போது வாய் திறந்தார்: "தம்பி, என் பேருக்கு நேரே சைபர் போடாதே. அழித்துவிட்டு வேற ஏதாவது எழுது." என்ன எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. முன்கூட்டியே தொகை சொல்ல அவரால் இயலாது. முடிவில், படகு நல்ல மீனோடு வந்த நாளில் அவர் தருவது எவ்வளவானாலும் அதை அன்றைய தேதியிட்டு எழுதுவதென்றும், அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் இருப்பாக வைப்பதென்றும் முடிவு செய்தோம். குறைந்த வருமானக்காரரை விலக்கிவிடுவது அவருக்குச் செய்யும் உதவி என்று நினைத்திருந்தோம். அவர் கேட்ட இடம் வேறாக இருந்தது.

இந்த ஒப்பீட்டால் எங்களுக்கு விளங்கிய மற்றொன்று, பணக்கவலைக்கும் காலவரிசை உண்டு என்பதாகும். பள்ளிக் கட்டணம், வாடகை, வங்கித் தவணை யாவும் மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. ஐந்தாம் தேதி தவணை என்றால், ஐந்தாம் தேதி கடலில் காற்று அடிக்கக் கூடாது! நாள்கூலியும் பங்கும் வாங்குபவர் வட்டிக்காரரிடம் போவது பல வேளைகளில் பணம் போதாமையால் அன்று. வரவேண்டிய பணம் பதினைந்து நாள் தாமதமாக வருவதால். வரம்புமீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் வந்தது. துறைமுகத் தெருக்களில் வாரவட்டி அதற்குப் பின்னும் ஒழியவில்லை. எனவே மூத்தவரின் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணத்தை ஆசிரியை தம் சம்பளத்தில் கட்டிவிடுவது, தடைக்காலம் முடிந்து மீன்பாடு பெருகும் வாரங்களில் மூத்தவர் அதை வாரந்தோறும் திருப்பித் தருவது என்று ஓர் ஏற்பாடு செய்தோம். இதில் எவரும் எவருக்கும் தானம் செய்யவில்லை. ஒருவருடைய சம்பளத்தில் இருக்கும் ஒழுங்கை மற்றவர் இரண்டு மாதம் இரவல் வாங்குகிறார், அவ்வளவே. 2025-இல் மூத்தவர் வீட்டில் ஜூன் மாதம் நகை அடகுக்குப் போகவில்லை.

அந்த ஆண்டு ஜூலையில் சென்னைக்காரருக்கு வேலை போயிற்று. அவர் பார்த்துவந்த பணி முடிந்துவிட்டது; வேறு பணி தரப்படவில்லை; ஒரு மாத அறிவிப்போடு விடுவித்து விட்டார்கள். சேர்ந்து நான்கு ஆண்டும் மூன்று மாதமும் ஆகியிருந்தன. ஐந்து ஆண்டு முடிந்தால்தான் பணிக்கொடை என்பது அன்றைய விதி. ஆண்டுச் சம்பளம் என்ற பெரிய எண்ணுக்குள் மாதந்தோறும் எழுதப்பட்டிருந்த அந்த 1,635 ரூபாய் அவர் கைக்கு ஒருநாளும் வரவில்லை. கடலில் தடைக்காலம் எந்தத் தேதியில் தொடங்கும் என்பது ஓராண்டுக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். அவருடைய தொழிலில் அப்படித் தேதி எதுவும் இல்லை.

நல்லவேளையாக அப்போது பயிற்சியாளர் வருகை குறைந்து, அம்மாவின் செலவு 10,000 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. ஆசிரியை 5,500 தந்தார். செவிலியர் வழக்கம்போல 1,500. எஞ்சிய 3,000-ஐ ஜூலையிலும் ஆகஸ்டிலும் தந்தவர் மூத்தவர். தடைக்காலம் கழிந்து கடல் அள்ளிக் கொடுத்த மாதங்கள் அவை. செப்டம்பரிலும் அக்டோபரிலும் மீன் குறைந்தபோது, அவர் பெயரில் இருந்த இருப்பிலிருந்து எடுத்துக்கொண்டோம். சென்னைக்காரர் அந்த நான்கு மாதமும் ஊருக்குப் பேசுவதையே குறைத்துக்கொண்டார். ஒருநாள் மூத்தவரே அழைத்து, "ரெண்டு மாசம் தொழில் இல்லாம இருந்து எங்களுக்குப் பழக்கம்தான் தம்பி, உனக்குப் புதுசு" என்று சொல்லி, தடைக்காலத்தில் தாங்கள் எதை எதைக் குறைப்போம், எதைக் குறைக்க மாட்டோம் என்று அரைமணி நேரம் விவரித்தார். முதலில் நிறுத்த வேண்டியது வெளிக்கடை. கடைசிவரை நிறுத்தக் கூடாதது பிள்ளைகளின் பால். கடன் வாங்குவதென்றால் முதல் வாரத்திலேயே, கையில் பணம் இருக்கும்போதே, தெரிந்தவரிடம் கேட்டு வைக்க வேண்டும். நெருக்கடி முற்றிய பிறகு கேட்டால், கிடைப்பது வட்டிக்காரரின் பணம் மட்டுமே. வேலையிழந்தோருக்கு இவ்வளவு தெளிவான யோசனையை நாங்கள் வேறெங்கும் படித்ததில்லை.

நவம்பரில் அவருக்கு ஆண்டுக்கு 8,40,000 ரூபாயில் வேறு வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்ததும், நான்கு மாத நிலுவை 28,000 ரூபாயைச் சேர்த்து அனுப்புவதாகச் சொன்னார். நிலுவை என்று ஒரு பத்தி நம் கணக்கில் கிடையாது என்று ஆசிரியை மறுத்துவிட்டார். இது பற்றி எங்களுக்குள் இன்னும் இருவேறு கருத்து உண்டு. செவிலியர் வாங்கியிருக்கலாம் என்கிறார். இப்போது அவர் பங்கு 4,000.

அம்மா கைப்பிடிச் சட்டத்தின் துணையோடு வாசல்வரை நடக்கிறார். மாதச் செலவு 7,500-இல் நிற்கிறது. சங்கக் கடன் முடிய இன்னும் பதினான்கு தவணைகள் உள்ளன. செவிலியர் வேறு மருத்துவமனைக்கு விண்ணப்பித்திருக்கிறார். சம்பளம் 3,000 அதிகம், ஆனால் அங்கே ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாயை அவர் தாண்ட மாட்டாரா என்பதைப் பார்த்துச் சொல்லும்படி சீட்டை எங்கள் மூவருக்கும் அனுப்பியிருக்கிறார்.